ரவுண்ட்ஹேண்ட் எழுத்துரு: மயிரிழையும் இணைப்பும்

பட்டமளிப்புச் சான்றிதழ், திருமண அழைப்பிதழின் ஆங்கிலப் பக்கம், பெரிய ஓட்டலின் மெனு அட்டை என்று எங்கெல்லாம் கொஞ்சம் மிடுக்கு வேண்டுமோ அங்கெல்லாம் வலப்புறம் நன்றாகச் சாய்ந்த, ஒன்றோடொன்று தொட்டுக்கொண்டே போகும் ஆங்கில எழுத்துகள் வந்து உட்கார்ந்துவிடும். டிடிபி கடையில் இதற்கு 'ஸ்கிரிப்ட் ஃபான்ட்' என்று பொதுப்பெயர். வகையைச் சரியாகச் சொன்னால் ரவுண்ட்ஹேண்ட். காப்பர்பிளேட் என்று சொல்பவர்களும் உண்டு.

இதை வைத்துச் செய்யும் வேலை கெட்டுப்போவது பெரும்பாலும் இரண்டே இடங்களில்தான். ஓர் எழுத்து அடுத்த எழுத்தைத் தொடும் புள்ளி ஒன்று. மேல்நோக்கிப் போகும் மயிரிழைக் கோடு இன்னொன்று. திரையில் இரண்டும் ஒழுங்காகத் தெரியும். அச்சாகி வந்த பிறகுதான் பெயரின் நடுவில் வெட்டு விழுந்திருக்கும், அல்லது பாதி எழுத்து காணாமல் போயிருக்கும். இந்த இரண்டும் ஏன் இவ்வளவு நுணுக்கமாக அமைந்தன என்று பார்க்க, லண்டனில் எழுத்துப் பயிற்சி கொடுத்த ஆசான்களிடம் போக வேண்டும்.

கணக்குப்பிள்ளையின் கை

17-ஆம் நூற்றாண்டின் இறுதியில் லண்டன் வணிகத் தலைநகராக வளர்ந்துகொண்டிருந்தது. கணக்கேடு, ரசீது, கப்பல் சரக்குப் பட்டியல், கடிதம் எல்லாவற்றையும் கையால் எழுதியாக வேண்டும். வேகமாக எழுதவும் வேண்டும், எழுதியது யாருக்கும் புரியவும் வேண்டும். பேனாவை அடிக்கடி தூக்காமல் ஒரே ஓட்டத்தில் எழுதும் ரவுண்ட்ஹேண்ட் பரவியது அதனால்தான். இன்று ஆடம்பரத்தின் அடையாளமாகப் பார்க்கப்படும் இந்த எழுத்து, பிறப்பில் குமாஸ்தா எழுத்து.

அதைக் கற்றுக்கொடுத்தவர்களில் ஒருவர் சார்ல்ஸ் ஸ்னெல் (1667–1733). எழுத்து ஆசான், கூடவே கணக்காளர். 1720-இல் சவுத் சீ கம்பெனியின் பங்கு விலை தலைகுப்புற விழுந்த பிறகு, அந்த விவகாரத்தில் சம்பந்தப்பட்ட சாப்ரிட்ஜ் நிறுவனத்தின் கணக்கேடுகளை ஆராய்ந்து அறிக்கை எழுதியவரும் இவரே. எழுத்திலும் அவருக்கு அதே கணக்குப் புத்திதான். ஒவ்வொரு எழுத்துக்கும் அளவும் விகிதமும் விதியாக இருக்க வேண்டும், தேவையற்ற சுழிப்புகள் வேண்டாம் என்றார். 1714-இல் ரவுண்ட்ஹேண்டுக்கான விதிகளை நூலாகவே வெளியிட்டார். எழுத்து என்பது கையின் சுதந்திரம் என்று நினைத்த சக ஆசான்களுக்கு இது பிடிக்கவில்லை. காரசாரமான சண்டை நடந்தது. 'எல்லா எழுத்தும் ஒரே விதிக்குக் கட்டுப்பட வேண்டும்' என்ற பிடிவாதம் பின்னாளில் எழுத்துரு செய்பவருக்கு எவ்வளவு வசதியாகப் போகிறது என்பது ஸ்னெலுக்குத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை.

இந்த ஆசான்களின் கையெழுத்து ஊரெங்கும் பரவியது செப்புத் தகட்டின் வழியே. ஜார்ஜ் பிக்கம் என்ற செதுக்குநர் 25 ஆசான்களின் எழுத்தை 1733 முதல் 1741 வரை 52 பகுதிகளாக, 212 தகடுகளில் வெளியிட்டார். செதுக்குநர் கையில் இருந்தது கூர்முனைச் சிற்றுளி. மெல்ல அழுத்தினால் செம்பில் மயிரிழை விழும். ஆழ அழுத்தினால் பள்ளம் அகலும். வாத்து இறகுப் பேனாவைவிட மெல்லிய கோட்டை இந்த உளி கொடுத்தது. அதைப் பார்த்து எழுதிப் பழகியவர்கள் பேனாவிலும் அந்த மெலிவை எட்ட முயன்றார்கள். ஆக, நமக்குத் தெரிந்த ரவுண்ட்ஹேண்ட் பேனாவும் உளியும் சேர்ந்து செய்தது. தகட்டுப் பள்ளத்தில் தங்கிய மை தாளில் மேடாக ஏறும் என்பதால், எவ்வளவு மெல்லிய கோடும் உடையாமல் அச்சாகும். மேல்தட்டு மக்களின் அழைப்பிதழும் விசிட்டிங் கார்டும் இப்படித்தான் அச்சாயின. கணக்குப்பிள்ளையின் எழுத்துக்கு மரியாதைக் கோலம் வந்த வழி அது.

ஈயத்தில் நடக்காதது ஒளியில் நடந்தது

செம்பில் எளிதாக வந்தது ஈய அச்சில் பெரும்பாடானது. ஈய எழுத்து ஒவ்வொன்றும் ஒரு செவ்வகக் கட்டையின் மேல் நிற்கிறது. இன்றைய பயிற்சித் தாள்கள் ரவுண்ட்ஹேண்டின் சாய்வை அடிக்கோட்டிலிருந்து 55 பாகை என்று வைக்கின்றன. அதாவது நிமிர்ந்த நிலையிலிருந்து 35 பாகை சரிவு. சாதாரண இட்டாலிக் 10 முதல் 15 பாகைதான் சாயும். இவ்வளவு சாய்ந்த எழுத்தைச் செவ்வகத்துக்குள் அடக்கினால் இரண்டு எழுத்துக்கும் நடுவில் இடைவெளி விழும். வெளியே நீட்டினால், தாங்க எதுவுமில்லாத அந்த ஈய முனை அழுத்தத்தில் உடையும். பிரான்சில் ஃபிர்மின் டிடோ என்ற எழுத்து வார்ப்பாளர் 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கட்டையையே சாய்த்து வார்த்துப் பார்த்தார். வேலை செய்தது, ஆனால் கோப்பதும் பிரிப்பதும் தனிச் சள்ளை. வரி வரியாக வார்க்கும் லைனோடைப் இயந்திரத்திலோ ஓர் எழுத்து அடுத்ததன் மேல் நீளவே முடியாது.

எழுத்தை ஒளியால் படச்சுருளில் பதிக்கும் ஒளி அச்சுக்கோப்பு வந்ததும் கட்டை என்பதே இல்லாமல் போயிற்று. எழுத்து ஒரு நிழல். ஒன்றன் மேல் ஒன்று விழலாம். 1965-இல் நியூயார்க்கில் மெர்கந்தாலர் லைனோடைப் நிறுவனத்தில் சேர்ந்த எழுத்துரு வடிவமைப்பாளர் மேத்யூ கார்ட்டர் இந்தப் புதுச் சுதந்திரத்துக்கு ஏற்ற எழுத்தைத் தேடியபோது கையில் எடுத்தது ஸ்னெலின் கையெழுத்தை. 1966-இல் 'ஸ்னெல் ரவுண்ட்ஹேண்ட்' வந்தது. பிற்பாடு போல்டு, பிளாக் என இரண்டு தடிமன்கள் சேர்ந்தன. இன்று எல்லா மேக் கணினியிலும் இது கூடவே வருகிறது.

கார்ட்டர் ஏன் மற்ற ஆசான்களை விட்டுவிட்டு ஸ்னெலைப் பிடித்தார் என்பது இப்போது புரியும். எழுத்துருவில் ஒவ்வோர் எழுத்தும் ஒரே ஒரு முறை வரையப்படுகிறது. அதற்குப் பிறகு யார் வந்து பக்கத்தில் நிற்பார் என்று அதற்குத் தெரியாது. அதனால் ஒவ்வொரு சிறிய எழுத்தும் தன் வால் கோட்டை ஒரே உயரத்தில், ஒரே சாய்வில், ஒரே தடிமனில் வெளியே நீட்ட வேண்டும். ஒவ்வோர் எழுத்தின் இடப்பக்கமும் அதை அதே இடத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும். விதிப்படி எழுதியவரின் கையில்தான் இது ஏற்கெனவே பாதி முடிந்திருக்கும்.

மீதிப் பாதியில்தான் தொல்லை. ஆங்கிலச் சிறிய எழுத்துகளில் ஏ, ஐ, எம், என், யூ போன்றவை கீழிருந்து வால் நீட்டுபவை. ஓ, வி, டபிள்யூ முடிவது மேலே. ஆரும் பல வடிவங்களில் அப்படியே. 'சரவணன்' என்ற பெயரை ஆங்கிலத்தில் போட்டுப் பாருங்கள். ஆர் மேலே முடியும், ஆனால் அடுத்து வரும் ஏ கீழிருந்து வரும் கோட்டை எதிர்பார்க்கும். இரண்டு எழுத்து தள்ளி, வி-யிலிருந்து ஏ-க்குப் போகும்போதும் இதே கதை. நல்ல எழுத்துருவில் ஆரின் முடிவு மெதுவாகக் கீழே சரிந்து ஏ-யின் தோளில் போய் உட்காரும், அல்லது அந்தச் சேர்க்கைக்கென்றே வரைந்த மாற்றுரு தானாக வரும். மலிவான எழுத்துருவில் மயிரிழை காற்றில் தொங்கும், அல்லது ஏ-யின் வயிற்றைக் கிழித்துக்கொண்டு போகும். எழுத்துரு வாங்கும் முன் விளம்பரப் படத்தில் இருக்கும் அழகான பெயரைப் பார்த்து மயங்காமல், சரவணன், கோமதி, ஸ்வேதா என்று மூன்று பெயர்களை அடித்துப் பார்த்தால் தேறுமா தேறாதா என்பது தெரிந்துவிடும்.

கோக்கும்போது

இணைப்பு இவ்வளவு துல்லியம் என்றால், எழுத்து இடைவெளியில் கை வைக்கவே கூடாது என்பது தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. சொல் முழுவதற்கும் எழுத்து இடைவெளியைக் கூட்டிக் குறைக்கும் டிராக்கிங் எப்போதும் சுழியம். கூட்டினால் சங்கிலி அறும். குறைத்தால் வால் கோடு அடுத்த எழுத்துக்குள் புகுந்து கரும்புள்ளி விழும். இதைத் தெரிந்தவர்கள்கூட வழுக்குவது, பக்கத்துப் பக்கத்து இரண்டு எழுத்துகளின் இடைவெளியைச் சரிசெய்யும் கர்னிங்கில். இன்டிசைன், இல்லஸ்ட்ரேட்டர் இரண்டிலும் கர்னிங்கை 'ஆப்டிக்கல்' என்று வைத்தால், மென்பொருள் எழுத்துகளின் வெளி வடிவத்தைப் பார்த்துத் தன் இஷ்டத்துக்கு நகர்த்தும். தொட்டுக்கொள்வதற்காகவே வரைந்த எழுத்துகளை அது 'மோதுகின்றன' என்று எடுத்துக்கொண்டு விலக்கிவிடும். எழுத்துருவிலேயே வைத்த இடைவெளியை அப்படியே எடுக்கும் 'மெட்ரிக்ஸ்' என்பதுதான் இங்கே சரி. பத்தியை இருபுறமும் சமமாக நிரப்பும் ஜஸ்டிஃபை அமைப்பிலும் எழுத்து இடைவெளிக்குக் குறைந்தது, விரும்புவது, அதிகபட்சம் என்ற மூன்று கட்டத்திலும் 0, எழுத்து அகலத்துக்கு மூன்றிலும் 100 இருக்க வேண்டும். நேர்மையாகச் சொன்னால், ரவுண்ட்ஹேண்டில் ஜஸ்டிஃபை செய்த பத்தியே வேண்டாம். நடுவில் நிறுத்திய நான்கைந்து வரிக்கு மேல் இது தாங்காது.

மாற்றுருக்கள் எழுத்துருவில் இருந்தும் வராமல் போவது இன்னொரு தொல்லை. மைக்ரோசாஃப்ட் வேர்டில் சூழலுக்கேற்ற மாற்றுருக்களும் கூட்டெழுத்துகளும் பல நேரம் தாமாக இயங்குவதில்லை. ஃபான்ட் பெட்டியின் அட்வான்ஸ்டு பக்கத்தில் போய் இயக்க வேண்டும். பழைய பேஜ்மேக்கரில் இந்த மாற்றுருக்களை இயக்கும் ஓப்பன்டைப் வசதிகளே கிடையாது. இணையப் பக்கத்தில் எழுத்து இடைவெளி என்று சுழியம் தவிர எந்த எண்ணைக் கொடுத்தாலும் உலாவி கூட்டெழுத்துகளைக் கைவிட்டுவிடும். வேர்டில் வரி இடைவெளியை 'எக்ஸாக்ட்லி' என்று இறுக்கினால் பெரிய எழுத்தின் தலைச்சுழி வெட்டுப்படும்.

முழுச் சொல்லையும் கேப்பிடலில் போடக் கூடாது என்று எல்லோரும் சொல்வார்கள். ரவுண்ட்ஹேண்டின் பெரிய எழுத்து ஒரு சொல்லுக்கு வாசலாக நிற்க வரைந்தது. இடப்புறம் தாராளமாகச் சுழித்து வரும், வலப்புறம் சிறிய எழுத்தைத்தான் எதிர்பார்க்கும். இரண்டு கேப்பிடல் பக்கத்தில் நின்றால் சுழிகள் பின்னிக்கொள்ளும். நம் ஊர் அழைப்பிதழில் இந்த விதி பெயரின் முன்னெழுத்திலேயே அடிபடுகிறது. மணமகனுக்கு இரண்டு இனிஷியல், அப்பாவுக்கு மூன்று, பின்னால் பி.இ., எம்.பி.ஏ. என்று ஒரு வரிசை. அத்தனையும் சுழித்த கேப்பிடல். ஐ எது, ஜே எது என்று பார்ப்பவர் திணறுவார். இதற்குக் கைகண்ட தீர்வு: பட்டங்களை ரவுண்ட்ஹேண்டிலிருந்து வெளியே எடுத்து, காஸ்லன் அல்லது பாஸ்கர்வில் போன்ற நிமிர்ந்த எழுத்தின் ஸ்மால் கேப்ஸில் (சிறிய எழுத்தின் உயரத்தில் வரைந்த கேப்பிடலில்), பெயருக்குக் கீழே தனி வரியில் போடுவது. இனிஷியல் பெயரோடு இருந்துதான் ஆக வேண்டும் என்றால், எழுத்துருவில் உள்ள சுழிப்புக் குறைந்த கேப்பிடலைத் தேர்ந்து, ஒவ்வொரு புள்ளிக்குப் பின்னும் மெல்லிய இடைவெளி விடுங்கள். டிராக்கிங்கைத் தொடக் கூடாது என்ற விதி இங்கே பொருந்தாது. கேப்பிடல்கள் எப்படியும் இணைவதில்லை.

தேதி, நேரம், கதவு எண், கைபேசி எண் ஆகியவற்றுக்கும் நிமிர்ந்த எழுத்துதான். சாய்ந்த சுழிப்பு இலக்கத்தில் 1-க்கும் 7-க்கும் வித்தியாசம் தெரியாமல் விருந்தினர் வேறு மண்டபத்துக்குப் போனால் அழகால் பயனில்லை.

அளவு விஷயத்தில் பாயின்ட் எண்ணை நம்பிப் பயனில்லை. ரோமன் என்ற சாதாரண நிமிர்ந்த எழுத்துருவில் சின்ன எழுத்தின் உடல் உயரம் பாயின்ட் அளவில் ஏறக்குறைய 45 விழுக்காடு. ரவுண்ட்ஹேண்டில் அது 30-ஐ ஒட்டியே நிற்கும், மீதி எல்லாம் கொம்புக்கும் வாலுக்கும் போய்விடும். 12 பாயின்ட் ரோமனுக்கு இணையாகத் தெரிய இதற்கு 18 பாயின்ட் வேண்டும். வரி இடைவெளி 24 பாயின்ட்டுக்கு 30 முதல் 34. மையத்தில் நிறுத்தும் வரிகளை மென்பொருள் கணக்கிட்டபடியே விடாதீர்கள். கேப்பிடலின் இடதுசுழி வரியின் நீளத்தில் சேர்ந்துவிடுவதால், பெயரின் கனமான பகுதி வலப்பக்கம் தள்ளித் தெரியும். ஒன்றிரண்டு மில்லிமீட்டர் இடது பக்கம் நகர்த்தினால் கண்ணுக்கு நடுவில் வரும்.

மயிரிழையின் கணக்கு

எழுத்துரு 1000 அலகு கொண்ட கட்டத்தில் வரையப்படுகிறது. அதில் மயிரிழை 18 அலகு என்று வைத்துக்கொள்வோம். 24 பாயின்ட்டில் அந்தக் கோடு 0.43 பாயின்ட், மில்லிமீட்டரில் 0.15. 12 பாயின்ட்டில் அது 0.08 மில்லிமீட்டர் ஆகிவிடும். இனி அச்சு முறையைப் பாருங்கள். வெள்ளைத் தாளில் ஒற்றைக் கறுப்பில் ஆஃப்செட் அடித்தால் 0.25 பாயின்ட் கோடு வரை நிற்கும். கருநிறப் பின்னணியில் வெள்ளையாக விடும் ரிவர்ஸில் மை உள்ளே பரவிக் கோட்டைத் தின்னும் என்பதால் 0.5 பாயின்ட்டாவது தேவை. தங்க ஃபாயிலுக்கு 0.2 மில்லிமீட்டர், ஸ்கிரீன் பிரிண்டிங்குக்கு 0.3 என்று வைத்துக்கொண்டால் பாதுகாப்பு. கணக்கைத் திருப்பிப் போட்டால், 18 அலகு மயிரிழை கொண்ட எழுத்துருவை ரிவர்ஸில் 28 பாயின்ட்டுக்குக் கீழேயும், ஃபாயிலில் 32-க்குக் கீழேயும், ஸ்கிரீனில் 47-க்குக் கீழேயும் போடக் கூடாது. அழைப்பிதழில் மணமக்கள் பெயர் மட்டும் பளிச்சென்று வந்து, கீழே பெற்றோர் பெயர்கள் துண்டு துண்டாகக் கிடப்பதன் காரணம் இந்தக் கணக்குதான். போல்டு எடுத்தால் போதும் என்று நினைக்க வேண்டாம். சில எழுத்துருக் குடும்பங்களில் போல்டில் தடிப்பது கீழிறங்கும் கோடு மட்டும், மயிரிழை கிட்டத்தட்ட அப்படியே இருக்கும். பெரிதாக்கி அளந்து பார்ப்பதே வழி.

நிறத்திலும் ஒரு குழி இருக்கிறது. தங்க நிறம் வேண்டும் என்று நான்கு வண்ணக் கலவையில் பெயரைப் போடுவார்கள். நிறக் கலவை சிறு புள்ளிகளாகத்தான் அச்சாகும்; அங்குலத்துக்கு 175 வரி கொண்ட புள்ளித் திரையில் ஒரு புள்ளிக்கும் அடுத்த புள்ளிக்கும் இடைவெளி 0.145 மில்லிமீட்டர். நம் 24 பாயின்ட் மயிரிழையின் தடிமனும் ஏறக்குறைய அதுவே. அதாவது கோட்டின் அகலத்துக்குள் ஒரே ஒரு புள்ளிதான் அடங்கும். லென்ஸ் வைத்துப் பார்த்தால் கோடே இருக்காது. புள்ளிகளின் வரிசை ஒன்று, அதுவும் மஞ்சள் ஓரிடம், சிவப்பு ஓரிடம் என்று விலகி. பேன்டோன் 871 போன்ற உலோக மையைத் தனி நிறமாக ஓட்டினால் கோடு முழுக் கோடாக விழும். கறுப்பிலும் அப்படித்தான்: நான்கு வண்ணம் கலந்த கறுப்பு வேண்டாம், கறுப்பு மட்டும் 100.

தாளும் தன் பங்குக்குக் கெடுக்கும். சொரசொரப்பான கைவினைத் தாளில் ஃபாயில் மேடுகளில் மட்டும் ஒட்டி, பள்ளங்களில் விட்டுப்போகும். பொடி தூவிச் சூட்டில் உப்பவைக்கும் தெர்மோகிராஃபி, செப்புத் தகட்டு அச்சைப் போலவே விரலுக்குத் தட்டுப்படும். ஆனால் சின்ன அளவில் ஈ, ஓ போன்ற எழுத்துகளின் வயிறு பிசினால் அடைபட்டுவிடும். வாட்ஸ்அப்பில் அனுப்பும் அழைப்பிதழுக்கும் இதே கணக்கைப் போடலாம். 1080 பிக்சல் அகலப் படத்தில் எழுத்து 80 பிக்சல் என்றால் மயிரிழை ஒன்றரைப் பிக்சல்கூட இல்லை. படம் போகும் வழியில் மறுபடி சுருக்கப்படும்போது முதலில் மறைவது அந்தக் கோடு.

கத்திக்கும் லேசருக்கும் அனுப்பும்போது

எழுத்தை வெறும் வடிவமாக மாற்றி அவுட்லைன் ஆக்கிய பிறகும் இணைப்பு ஒரு முறை காலை வாரும். ஒவ்வோர் எழுத்தும் தனி உருவம். வால் கோடு அடுத்த எழுத்தின் மேல் ஏறிக் கிடக்கும். கண்ணுக்கு ஒரே கறுப்பு. வினைல் வெட்டும் கத்திக்கும் லேசருக்கும் அங்கே இரண்டு ஓரங்கள் தெரியும். இரண்டையும் வெட்டும், சொல் எழுத்தெழுத்தாக உதிர்ந்துவிடும். எல்லாவற்றையும் ஒரே கூட்டுருவமாகச் சேர்த்தால் ஒன்றன்மேல் ஒன்று விழுந்த இடம் வெள்ளை ஓட்டையாக மாறுவதும் உண்டு. எழுத்துக்குப் பாதி ஒளிபுகும் நிறம் கொடுத்தால் ஒவ்வோர் இணைப்பிலும் கரும்புள்ளி. மூன்றுக்கும் ஒரே மருந்து: இல்லஸ்ட்ரேட்டரில் 'யுனைட்', கோரல்டிராவில் 'வெல்டு'. செய்த பிறகு வெறும் கோட்டு வடிவில் பார்த்து, உள்ளே குறுக்குக் கோடு எதுவும் மிச்சமில்லை என்று உறுதி செய்துகொண்டு அனுப்ப வேண்டும். எழுத்துப் பிழை திருத்தம் இதற்குமுன் முடிந்திருக்க வேண்டும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பக்கத்தில் தமிழ்

இருமொழி அழைப்பிதழில் ஆங்கிலம் 35 பாகை சாய்ந்து நிற்க, தமிழையும் அதே மாதிரி சாய்த்துவிடலாம் என்று கை துறுதுறுக்கும். தமிழ் எழுத்துகள் தனித்தனியாக நிற்பவை. இணைப்பே இல்லாத இடத்தில் சாய்வு மட்டும் வந்தால் வேகம் வராது, சரிவு மட்டும்தான் தெரியும். மென்பொருளின் பொத்தானால் சாய்த்தால் ற, ண, ஜ ஆகியவற்றின் வளைவுகள் ஒரு பக்கம் தடித்து மறுபக்கம் மெலிந்து கோணும். தமிழை நிமிர்ந்தே விட்டு, தடிப்பும் மெலிவும் உள்ள நோட்டோ செரிஃப் தமிழ் போன்ற எழுத்தை எடுத்தால், மெல்லிய கோட்டுக்கும் தடித்த கோட்டுக்கும் உள்ள விகிதத்தில் இரண்டும் உறவாகிவிடும். ஆங்கிலம் 26 பாயின்ட் என்றால் தமிழ் 15, 16-இல் கண்ணுக்குச் சமமாக நிற்கும்.

எதைத் தேர்வது

ஸ்னெல் ரவுண்ட்ஹேண்ட் சுழிப்பு குறைந்தது. சான்றிதழ், நிறுவன விழா, நீண்ட பெயர்கள் எல்லாவற்றுக்கும் ஒத்துவரும். எட் பென்கியாட் 1994-இல் வடிவமைத்த எட்வர்டியன் ஸ்கிரிப்ட் மைக்ரோசாஃப்ட் ஆஃபீஸோடு பலருக்கும் வந்துவிடுவதால் எங்கும் தென்படுகிறது. ரிச்சர்ட் லிப்டன் அடோபிக்காகச் செய்த பிக்கம் ஸ்கிரிப்ட் (1997) முன்னே சொன்ன பிக்கமின் தகடுகளிலிருந்து வந்தது. மாற்றுருக்கள் கொட்டிக் கிடப்பதால் அடக்கம் தெரிந்தவர் கையில்தான் அழகு. ஹெர்மன் ஸாப்பின் ஸாப்ஃபினோவையும் (1998) இந்தக் கூட்டத்தில் சேர்ப்பார்கள். அது ரவுண்ட்ஹேண்ட் அல்ல, வேறு பேனா, வேறு கை. வரி இடைவெளியை இரண்டு மடங்கு கேட்கும்; ஓரிரு சொல்லுக்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம்.

பணம் செலவழிக்க இடமில்லை என்றால் கூகுள் ஃபான்ட்ஸில் உள்ள பின்யான் ஸ்கிரிப்டைப் பாருங்கள். ரவுண்ட்ஹேண்டின் இலக்கணத்தை ஒழுங்காகப் பின்பற்றுகிறது, திறந்த உரிமத்தில் இருப்பதால் அச்சகத்துக்குக் கோப்போடு கொடுத்தனுப்பலாம். ஊரெல்லாம் கிடைக்கும் கிரேட் வைப்ஸும் அதே உரிமம்தான். சுழி கூடுதல், சான்றிதழைவிடக் கல்யாணத்துக்குப் பொருத்தம். மேக்கில் இருக்கும் ஸ்னெலை அப்படி நகலெடுத்துக் கொடுக்க உரிமம் இல்லை. எழுத்துருவை உள்ளடக்கிய பிடிஎஃப் கொடுங்கள், இல்லையென்றால் அவுட்லைன் ஆக்குங்கள். வெறும் மூலக் கோப்பை அனுப்பினால், அச்சகத்தின் விண்டோஸ் கணினி ஸ்னெலைக் காணாமல் ஏரியலைப் போட்டுத் திறக்கும். இரவு 9 மணிக்கு அச்சுத் தகடு எடுக்கும் அவசரத்தில் அதை யாரும் கவனிக்கமாட்டார்கள்.